அளவே தன்னைக் கழிக்கட்டும்

இன்று காலை எங்கள் மரக்காலையில், மரம் அறுத்து விற்கிற இடத்தில், பனை அரிந்தார்கள். ஈரத் தூளின் மணம் மூக்கில் ஏறியதும் உன் நினைவுதான் வந்தது, மச்சான். நீ கண்மூடி ஒரு வருசமாகப் போகிறது.

எண்பதுகளில் கொழும்பிலிருந்து ஒரு கம்பியூட்டரைக் கொண்டுவந்து இணுவிலில் வகுப்பு நடத்தினாயே, அதில்தான் என் மரக்காலைக்கும் ஒரு புரோகிராம் எழுதினாய். ஆணி, கயிறு, மரம் எல்லாமே அதற்கு வெறும் எண். கிலோவில் நிறுக்கிற ஆணிக்கு அது சரியாகத்தான் வந்தது.

குருநகர் மேரியக்கா பழைய கூரையைப் பிரித்துவிட்டுப் பிள்ளைகளோடு அயல் வீட்டில் இருந்தா. மாரி நெருங்கிவிட்டது. ஓட்டைத் தாங்க அவவுக்கு வேண்டிய கைமரத்துக்கு என்னிடம் இருந்த நீளப் பனைகள்தான் கதி. வேறு எங்கும் கிடைக்காது. எந்த மரத்தை எப்படித் துண்டு போடுவது என்று கம்பியூட்டர் சொன்னபடியே வாள்காரரிடம் சொல்லியிருந்தேன்.

அரிய வேண்டிய அன்று பத்து மணிபோல் தலை துவட்டாமல் சைக்கிளில் வந்து விழுந்தாய்.

"டேய், அரிஞ்சுபோட்டாங்களோ?"

"கறண்ட் இல்லை, வாள் நிக்குது. பேயைக் கண்டனியோ?"

கிணற்றடியில் வாளியோடு நின்றபோதுதான் உனக்கு உறைத்ததாம். பதினாறு அடி மரத்தில் ஐந்தடி பத்து அங்குலம் போனால் மிச்சம் பத்தடி இரண்டு அங்குலம். ஐந்துக்குப் பிறகு ஒரு புள்ளி வைத்துப் பத்தைப் போட்டதால், கம்பியூட்டர் பத்துப் புள்ளி ஒன்பது, அதாவது பத்தடி ஒன்பது அங்குலம் என்று சொல்லியிருந்தது. அவவின் கைமரத்துக்குப் பத்தரை அடி வேண்டும். அரிந்திருந்தால் அத்தனையும் கட்டை.

கறண்ட் போனதற்கு நான் சந்தோசப்பட்டது அந்த ஒருநாள்தான். இரண்டு பேரும் மரக் குவியலில் குந்தியிருந்து விழுந்து விழுந்து சிரித்தோம். ஓடு பார்க்க வந்த மேரியக்கா முறைத்தா.

"என்ன தம்பியவை, காலமையே தண்ணி போட்டிட்டியளோ?"

"இல்லையக்கா, உங்கடை கூரை தப்பீட்டுது."

அடுத்த கிழமை புதிதாக எழுதிக்கொண்டு வந்தாய்.

"கூட்டல் கழித்தலை இனி புரோகிராம் செய்யாது. அந்தந்த அளவிட்டையே பொறுப்பைக் குடுத்திட்டன். அடி பன்னிரண்டு அங்குலமெண்ட தன்ரை முறையிலை கழியும், கிலோ தன்ரை முறையிலை கழியும். உள்ளுக்கை என்ன கிடக்கெண்டு புரோகிராம் பாக்காது. 'கழி' எண்டு மட்டும் சொல்லும்."

"அப்ப அது முதலாளி மாதிரிச் சும்மா இருக்குமோ?"

"ஓம். ஆனா உன்னை மாதிரி இல்லை, நல்ல முதலாளி மாதிரி."

எனக்குச் சுட்டது. ஆணி நிறுப்பவனையும் கயிறு அளப்பவனையும் வேலை செய்ய விடாமல் நடுவில் நின்று கையைப் பிடிக்கிறவன் நான். புதுக் கணக்குப்படி அரிந்ததும் நாடா எடுத்து ஒவ்வொரு மரமாக அளந்து பார்த்தேன். எல்லாம் சரி. முதல் மழைக்கு முன்பே மேரியக்கா வீட்டுக்கு ஓடு ஏறிவிட்டது.

இப்போது மரக்காலை மகளிடம். என்ன வேண்டும் என்று மட்டும் சொல்வேன்; எப்படி என்று சொல்வதில்லை.

"எல்லாத்தையும் என்னிட்டை விட உங்களுக்குப் பயமில்லையோ அப்பா?" என்று முந்தாநாள் கேட்டாள்.

"மரம் தெரிஞ்ச ஆளிட்டைத்தானே மரத்தை விட்டிருக்கிறன்" என்றேன். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் நன்றாக நித்திரை கொண்டேன், மச்சான்.