நுனி உள்பக்கம்

பிப்ரவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் வாலு எழுதுகிறேன். இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து சேர்ந்து பதினொரு நாள் ஆகிறது. போனில் நீங்கள் "என்ன? என்ன?" என்று கத்த, நான் பதிலுக்குக் கத்த, பக்கத்து அறைக்காரி வந்து கதவைத் தட்டுகிறாள். உங்கள் காதுக்கு இனிமேல் காகிதம்தான் சரிப்படும்.

ஆஸ்பத்திரியில் வேலை பழகிவிட்டது. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊரார் ரத்தத்தைக் குழாயில் வாங்கிப் பரிசோதிக்கிறேன். அதில் எனக்குப் பயமில்லை. பயந்து போனது இங்கே மார்க்கெட்டுக்குப் போன அன்றுதான்.

அப்பா, மார்க்கெட்டுக்குக் கூரை இருக்கிறது. கூரை மட்டுமா? கண்ணாடிக் கதவு, சூடு காட்டும் குழாய், துடைத்து வைத்த தரை. உள்ளே ஒரு சுற்று சுற்றி வந்தேன், செருப்பில் ஒரு கோஸ் இலை ஒட்டவில்லை. அறுபது கடையாவது இருக்கும், ஒருத்தர் கூவவில்லை. நம் மார்க்கெட்டில் உங்கள் குரலுக்கே நாலு தெரு நாய் எழுந்து ஓடும். இங்கே கடைக்காரர்கள் எல்லோரும் பரீட்சை எழுதுகிற மாதிரி நிற்கிறார்கள். ஒரு தொட்டியில் மீன்கள் உயிரோடு நின்று என்னையே பார்த்தன. நான் வாங்காமல் வந்துவிட்டேன்.

தக்காளியை எடுத்து அமுக்கிப் பார்த்தேன். கடைக்காரம்மா என் மணிக்கட்டில் ஒரு தட்டு தட்டினாள். காய்கறிக்காரர் மகளுக்குக் காய்கறிக் கடையில் அடி! அவர்களே எடுத்துப் பையில் போட்டுக் கொடுப்பார்களாம். பெண்ணைக் காட்டாமலே கல்யாணத்தை முடித்த மாதிரி இருக்கிறது. அடுத்த கடையில் கொசுறாக ரெண்டு கொத்தமல்லி கேட்டேன். அந்த ஆள் ஒரு கட்டை எடுத்துச் சுற்றி, அதற்கும் சேர்த்துக் காசு வாங்கிக்கொண்டான்.

பெரிய கூத்து வெண்டைக்காயில் நடந்தது. கைப்பழக்கத்தில் நுனியை ஒடித்துவிட்டேன். 'டக்' என்று அந்த அமைதியில் அப்படி ஒரு சத்தம். கடைக்காரன் போட்ட கூச்சலில் வரிசையே திரும்பிப் பார்த்தது. உடனே உங்கள் ஞாபகம்தான் வந்தது. ஒடிக்க முடியாதபடி நுனி உள்பக்கம், காம்பு வெளிப்பக்கம் என்று வட்டமாக அடுக்கி வைப்பீர்களே. "உலகத்துல வேற எவனும் இப்படி அடுக்க மாட்டான்" என்று பீற்றிக்கொள்வீர்களே. இங்கே வந்து ஒரு வகுப்பு எடுங்கள், நல்ல வரும்படி.

அம்மா படத்துக்கும் அக்கா படத்துக்கும் பூப் போடுகிறீர்களா? அம்மா இருந்தவரை ஒரு வெள்ளிக்கிழமை தவறியதில்லை. அவள் போன இந்த நாலு வருஷமும் நான் தவறவிட்டதில்லை. அக்கா சாகும்போது எனக்கு எட்டு வயது. படத்தில் இருக்கிற முகம்தான் எனக்குத் தெரிந்த முகம். பூ இல்லாமல் அவளை வைத்துவிடாதீர்கள்.

உங்கள்
வாலு


பிப்ரவரி 21

அன்பு வாலுவுக்கு,

கடையும் நானும் சுகம்.

உன் கடிதத்தைக் கல்லாவில் உட்கார்ந்தே படித்தேன். பக்கத்து வெங்காயக்காரருக்கும் படித்துக் காட்டினேன். "மார்க்கெட்டுக்குக் கதவா? அப்ப மாடு எப்படி உள்ள வரும்?" என்று கேட்கிறார். பதில் எழுது.

என் மானத்தை வாங்காதே. வெண்டைக்காயை ஒடிக்க முடியாத ஊரில் மேல் முடியைத் தடவிப் பார். குத்தினால் இளசு, வழுக்கினால் முற்றல். கத்தரிக்காய்க்குக் காம்பைப் பார். காம்பு வாடியிருந்தால் காய் எவ்வளவு பளபளத்தாலும் நம்பாதே. மனுஷனுக்கும் அதே கணக்குதான்.

பூ போடுகிறேன். இரண்டு படத்துக்கும் போடுகிறேன். அந்த விஷயத்தை நீ கேட்க வேண்டியதில்லை.

வேளைக்குச் சாப்பிடு. நீ இல்லாத வீட்டில் வம்பு இழுக்க ஆளில்லாமல் ரேடியோவோடு சண்டை போடுகிறேன்.

உன் அப்பன்
தராசுக்காரன்


மார்ச் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

உட்கார்ந்து படியுங்கள். உங்கள் பீற்றல் காற்றில் போய்விட்டது!

நேற்று மார்க்கெட்டின் மாடிப் பகுதிக்குப் போனேன். இத்தனை நாள் அங்கே துணிக்கடைகள் என்று நினைத்திருந்தேன். கடைசி மூலையில் நம் ஆட்கள் கூட்டமாக நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். காதுக்கு அப்படி ஒரு சுகம். எட்டிப் பார்த்தேன். முருங்கைக்காய், புடலங்காய், சின்ன வெங்காயம், எல்லாம் இருந்தது. நடுவில் வெண்டைக்காய். வட்டமாக, ஏழு அடுக்காக, நுனி உள்பக்கம், காம்பு வெளிப்பக்கம். அடியில் நாலாக மடித்த ஈரச் சாக்கு. உச்சியில் ஓர் எலுமிச்சம்பழம். அப்பா, உங்கள் கடையை யாரோ பெயர்த்துக்கொண்டு வந்து வைத்த மாதிரி இருந்தது.

கல்லாவில் ஐம்பதை ஒட்டின ஒருவர் இருந்தார். "இப்படி அடுக்கினது யாரு?" என்று கேட்டேன். "வீட்டுக்காரிதான். சனிக்கிழமை காலையில வந்து அடுக்கிட்டுப் போவா. அவ அப்பாகிட்ட கத்துக்கிட்டதாம். நான் அடுக்குனா சரிஞ்சிடும்மா" என்று சிரித்தார். மேலே பேசுவதற்குள் கூட்டம் நெருக்கிவிட்டது. கேட்காமலே ஒரு கை பச்சை மிளகாய் கொசுறு போட்டுக் கொடுத்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மிளகாயைத் தொடுவதற்கு முன்னாலேயே.

உங்களிடம் வேலை பார்த்த யாருக்காவது பெண் இருக்கிறாளா? உங்கள் தொழில் ரகசியத்தைக் கப்பலேற்றிய திருடன் யார்? அடுத்த சனிக்கிழமை எனக்கு விடுமுறை, காலையிலேயே போய் அந்த அம்மாளைப் பார்த்துக் கேட்கப் போகிறேன்.

உங்கள்
வாலு


மார்ச் 17

வாலுவுக்கு,

கடையும் நானும் சுகம்.

அந்தக் கடைக்குப் போகாதே. வெண்டைக்காயை அப்படி ஊரில் பத்துப் பேர் அடுக்குவார்கள், நான் சும்மா பெருமைக்குச் சொன்னது. முன்பின் தெரியாதவர்களிடம் ஊர், பேர், அப்பா யார் என்றெல்லாம் சொல்லிக்கொண்டு நிற்காதே. கீழே இருக்கிற கடைகளிலேயே வாங்கு. கொசுறு போடாவிட்டால் குறைந்து போய்விட மாட்டாய்.

உடம்பு கொஞ்சம் சரியில்லை. கவலைப்படாதே. போகாதே என்று சொன்னால் போகாதே.

அப்பா


மார்ச் 28

அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே நான் போய்விட்டேன்.

எழுத்துப் புரியாவிட்டால் இரண்டு தரம் படித்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை காலை, கடை அப்போதுதான் திறந்திருந்தது. ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு கூடையிலிருந்து கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "என்னம்மா வேணும்?" என்று திரும்பினாள். கன்னத்தில் சதை போட்டிருந்தது, நெற்றியில் நரை விழுந்திருந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை தோறும் நான் பூ வைத்த முகம். அந்த முகம் உயிரோடு நின்று என்ன வேண்டும் என்று கேட்டது. நான் பயத்தில் அலறிவிட்டேன். பேயைப் பார்த்தால் அலறாமல் என்ன செய்வார்கள்?

"எந்த ஊர்ப் பொண்ணும்மா நீ? ஏன் இப்படி அலறுற?" என்றாள். "நான் வாலு, அக்கா" என்றேன். அந்தப் பேர் அவள் வைத்த பேர்தானே. அப்படியே சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டு முதலில் கேட்டது என்ன தெரியுமா?

"அம்மா எப்படி இருக்கா? எம்மேல கோவம் தீந்துச்சா?"

அம்மா போய் நாலு வருஷம் ஆயிற்று என்று நான்தான் சொன்னேன். அக்கா செத்துவிட்டாள் என்று நம்பித்தான் அம்மா போனாள் என்பதையும் நான்தான் சொன்னேன். "யாரு செத்தது? நானா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அந்த நேரம் பார்த்து யாரோ அரைக் கிலோ கேரட் கேட்டார்கள். எழுந்து போய் நிறுத்துப் போட்டாள். கொசுறாகக் கறிவேப்பிலையும் வைத்தாள். பிறகு வந்து அதே இடத்தில் உட்கார்ந்து, "எனக்கு ஏன்டி யாரும் சொல்லல?" என்றாள். கேரட் வாங்கியவர் மீதிச் சில்லறைக்கு நின்றுகொண்டே இருந்தார்.

நீங்கள் எங்களிடம் என்ன சொன்னீர்கள்? வெளியூர் விடுதியில் தங்கிப் படித்த பெண், விஷக் காய்ச்சலில் இரண்டே நாளில் போய்விட்டாள், தொற்று என்று அங்கேயே எரித்துவிட்டார்கள் என்று. நீங்கள் மட்டும் போய்விட்டு வந்தீர்கள். அம்மா மூன்று நாள் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. எட்டு வயதில் பார்த்தது, இன்னும் மறக்கவில்லை. அக்காவோ உங்கள் கடைக்கு வாரம் ஒருதரம் சரக்கு இறக்கின லாரி டிரைவரைக் கல்யாணம் செய்துகொண்டு, உங்கள் கடை முகவரிக்குக் கடிதம் போட்டுவிட்டுக் காத்திருந்திருக்கிறாள். பிழைப்புக்காக இங்கே வந்து கடை போட்டு, அன்று எனக்கு மிளகாய் போட்டுக் கொடுத்தவர்தான் அந்த டிரைவர், என் அத்தான்.

நீங்கள் போட்ட பதிலை அவள் இன்னும் வைத்திருக்கிறாள். காட்டினாள். "கடையும் நானும் சுகம். உன் அம்மா உன் முகத்தில் விழிக்க விரும்பவில்லை. இனி எழுதாதே." அந்தக் கார்டில்கூடக் கடையும் நீங்களும் சுகம் என்று எழுதியிருக்கிறீர்கள் அப்பா!

அம்மா வெறுத்தாள் என்று நினைத்து அவள் பத்தொன்பது வருஷம் வாயைத் திறக்கவில்லை. அம்மாவோ அக்கா படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். நடுவில் நீங்கள் தராசைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறீர்கள்.

ஏன்? அதை மட்டும் எழுதுங்கள்.

வாலு


ஏப்ரல் 10

என் மகளுக்கு,

ஏன் என்று கேட்டாய். நாலு முறை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

அவள் கடிதம் வந்ததும் விடுதிக்கு ஓடினேன். அறை காலியாக இருந்தது. திரும்பி வருகிற பஸ்ஸில் ஒன்றைத்தான் யோசித்தேன். மகள் ஓடிவிட்டாள் என்று சொன்னால் மார்க்கெட் சிரிக்கும். செத்துவிட்டாள் என்று சொன்னால் மார்க்கெட் கடையை அடைக்கும். பஸ்ஸை விட்டு இறங்கும்போது இரண்டாவதைச் சொன்னேன். அடைத்தார்கள். அன்று ஒரு கடை திறக்கவில்லை. காய் அழுகினாலும் பரவாயில்லை என்று நூற்றுச் சில்லறைப் பேர் நம் வாசலில் வந்து நின்றார்கள். அதற்குப் பிறகு அத்தனை பேர் முகத்திலும் எப்படி விழித்து, பொய் என்று சொல்வேன்? இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டேன். கார்டை எழுதும்போது கோபம். கோபம் ஆறு மாதத்தில் போய்விட்டது. பொய் போகவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. நீ கேட்கவில்லை. ஆனால் அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதமும் பொய்தான். கடைசி நாள் காலை, நீ மருந்து வாங்கப் போயிருந்தாய். உன் அம்மா என் கையைப் பிடித்தாள். "பெரியவ போன இடத்துக்குத்தானே போறேன். அவளப் பாப்பேன்ல?" என்று கேட்டாள். வாய் வரை வந்தது. உயிரோடு இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் "பாப்ப" என்று சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே போனாள்.

நேற்று காலை சரக்கு இறக்கி முடிந்ததும், எல்லோரையும் நிற்கச் சொல்லி உண்மையைச் சொல்லிவிட்டேன். நான் பயந்த மாதிரி ஒருத்தரும் சிரிக்கவில்லை. வெங்காயக்காரர் மட்டும் ஸ்டூலை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார். இன்று மதியம் வரை திரும்பவில்லை.

பெரியவள் படத்தைச் சுவரிலிருந்து இறக்கிவிட்டேன். உயிரோடு இருக்கிறவளுக்குப் பூப் போட்ட கை இது. அந்த இடம் மட்டும் சுவரில் வெளுப்பாக நிற்கிறது.

இதை அவளிடம் காட்டு. நான் ஒரு வரி எழுதலாமா என்று கேள். வேண்டாம் என்றால் வேண்டாம். நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே இன்னும் அடுக்குகிறாள் என்றாயே. அதைப் பிடித்துக்கொண்டுதான் இதைக் கேட்கத் துணிந்தேன்.

அப்பா


ஏப்ரல் 25

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அக்காவிடம் கொடுத்தேன். சனிக்கிழமை காலை, கடையில் வைத்துத்தான். அத்தான் கீழே சரக்கு எடுக்கப் போயிருந்தார்.

நின்றுகொண்டே படித்தாள். அம்மா கேட்டதும் நீங்கள் "பாப்ப" என்று சொன்னதுமான இடத்தில் நிறுத்தினாள். அதற்கு மேல் படிக்கவில்லை. மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். உங்கள் கேள்வியை நான் வாயால் கேட்டேன். எனக்கு உங்கள் மேல் இருக்கிற கோபத்தில் கேட்காமல் விட்டிருக்கலாம். உங்களைப் போல நடுவில் நிற்க எனக்குப் பயமாக இருந்தது.

அவள் ஈரச் சாக்கை மடித்துப் போட்டாள். பாதி அடுக்கியிருந்த வெண்டைக்காயை எல்லாம் கையாலேயே கலைத்தாள். பிறகு முதலிலிருந்து அடுக்கினாள், காம்பு உள்பக்கம், நுனி வெளிப்பக்கம்.

"என்னக்கா, எல்லாரும் ஒடிச்சிப் போட்டுருவாங்களே" என்றேன்.

"ஒடிக்கட்டும். ஒடிச்சிப் பாத்தே வாங்கட்டும்" என்றாள்.

கூட்டம் வந்தது. வந்தவர்கள் எல்லோரும் ஒடித்தார்கள். டக், டக் என்று மத்தியானம் வரை அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் யாரையும் தடுக்கவில்லை. நான் கீழே விழுந்த நுனிகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டேன். உங்களுக்குப் பக்கத்தில் சின்னப் பெண்ணாக நின்று நான் செய்த வேலைதான்.

கிளம்பும்போது ஒன்று கேட்டாள். அவளிடம் அம்மா படம் ஒன்றுகூட இல்லையாம். சுவரில் இருக்கிற படத்தைச் சட்டத்தோடு கழற்றி அவள் கடை முகவரிக்கு அனுப்பி வையுங்கள். பின்னால் எழுதியிருக்கிறேன். உள்ளே கடிதம் எதுவும் வைக்க வேண்டாம் என்றாள்.

மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எனக்கும் கொஞ்ச நாளைக்கு எழுதாதீர்கள்.

உங்கள் சின்ன மகள்