நாலு பந்தயத்தில் மூன்றரை

மக்கா,

நேற்றுக் களியக்காவிளையில் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன். கேரளப் பக்கமிருந்து வந்த லாரி ஒன்று, குறுக்கே பாய்ந்த ஸ்கூட்டருக்காக இறுக்கிப் பிரேக் போட்டது. சாலையில் கறுப்பாக நீளக் கோடு விழுந்தது. கருகிய ரப்பர் வாசனை. எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். நெஞ்சு நிறைய அதை இழுத்துக்கொண்டு நின்றவன் நான் ஒருத்தன்தான். பக்கத்தில் நின்ற அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தள்ளிப் போனார். நீயும் நின்றிருந்தால் அந்த அம்மா பேருந்தையே விட்டிருப்பார்.

வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். எழுத்துப் பிழை பார்க்காதே. எட்டாம் வகுப்பை இரண்டு முறை படித்தவன் நான். எட்டும் எட்டும் பதினாறு, அப்படிப் பார்த்தால் பட்டதாரிதான். இதை நான் யாரிடம் சொன்னாலும் நீ பக்கத்தில் நின்று, "ரெண்டு மட்டம் படிச்சது செரி, ரெண்டு மட்டமும் தோத்தத யாரு சொல்லுவா?" என்று கேட்பாய்.

இரண்டாயிரத்து நான்கில் நாம் பஹ்ரைனில் இருந்தோம். நான் வெல்டர், நீ தண்ணீர் வண்டி ஓட்டினாய். பாலைவனத்தின் நடுவில் கார் பந்தயத்துக்கென்று புது டிராக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த டிராக்கின் வேலி முழுவதையும் நான்தான் பற்றவைத்தேன் என்று என் ஊரான புதுக்கடை முழுக்கச் சொல்லியிருக்கிறேன். இன்றும் சொல்கிறேன். வேலியில் கொஞ்சம் என்று நீ திருத்தினாய். கொஞ்சமோ முழுசோ, வேலி இல்லாமல் பந்தயம் நடந்திருக்குமா?

பந்தய நாளில் நமக்கு உள்ளே இடமில்லை. வெளியே உன் தண்ணீர் வண்டியின் மேலே ஏறி நின்றோம். ஒரு காரின் நிறம்கூடத் தெரியவில்லை. ஆனால் அந்தச் சத்தம்! காது வழியாகப் புகுந்து விலா எலும்பில் உட்கார்ந்துகொண்டது. அன்றைக்கே நான் வீட்டுக்குப் போன் செய்து, கார்கள் என் மூக்கை உரசிப் போனதாக என் பெண்டாட்டி தங்கத்திடம் சொன்னேன். போனை வைத்ததும் நீ கேட்டாய்.

"லேய், சத்தம்தானே கேட்டோம்? பாத்தேன்னு ஏன் சொல்லுத?"

"கேட்டாலே பாத்த மாதிரிதான்."

"அப்போ சோத்து மணம் அடிச்சா வயிறு நெறஞ்சிருமா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஊருக்குத் திரும்பினதும் இந்தியாவில் கார் ஓடுகிற இடத்தையெல்லாம் பார்த்தே தீருவது என்று வண்டி மேலே நின்றபடியே சபதம் போட்டேன். நீ அதையும் சும்மா விடவில்லை. "எல்லாம்னா எத்தன? எண்ணிச் சொல்லு. எண்ணாத்தது நேர்ச்சை இல்ல, வெறும் வாய்" என்றாய். எண்ணினோம். சென்னைக்கு மேற்கே ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒன்று. கோயம்புத்தூரில் ஒன்று. சிக்மகளூர் காப்பித் தோட்டங்களுக்குள்ளே மண் சாலையில் ஓடுகிற ரேலி ஒன்று. டெல்லிக்குப் பக்கத்தில் புது டிராக் வரப்போவதைப் பின்னால் பேப்பரில் பார்த்து அதையும் சேர்த்தோம். மொத்தம் நாலு.

விதிகளை நீயே வகுத்தாய். இரண்டு பேரும் சேர்ந்து பார்க்க வேண்டும். முதல் கார் கிளம்புவதிலிருந்து கடைசிக் கொடி அசைவதுவரை சொந்தக் கண்ணால் பார்க்க வேண்டும். டிவி கணக்கில் வராது. நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். விதி போடுகிறவன் நீ, சாதிக்கிறவன் நான் என்று அப்போது நினைத்திருந்தேன்.

ஊர் திரும்பியதும் நான் புதுக்கடையில் வெல்டிங் பட்டறை போட்டேன். நீ இராஜாக்கமங்கலத்திலிருந்து கேரளத்துக்கு மீன் லாரி ஓட்டினாய். போகும்போதும் வரும்போதும் தாசையன் டீக்கடையில் நிறுத்துவாய். லாரியின் மீன் நாற்றத்துக்குத் தாசையன் கத்துவான், நீ ஒரு பொதி சாளை மீனை நீட்டி அவன் வாயை அடைப்பாய். அந்தக் கடையில்தான் நம்முடைய வருஷ அறிக்கை ஆரம்பித்தது. எங்கள் புராட்டஸ்டன்ட் சபையில் ஆண்டுக் கூட்டத்தில் அறிக்கை வாசித்து, ஆட்சேபணை உண்டா என்று கேட்பார்கள் என்று ஒருநாள் பெருமையாகச் சொன்னேன். கத்தோலிக்கனான உனக்கு அது பிடித்துப்போய்விட்டது. "கொள்ளாமே! நல்லாத்தான் இருக்கு, நாமளும் வாசிப்போம்" என்றாய். அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷப் பிறப்பன்றும் என் ஆராதனையும் உன் பூசையும் முடிந்த பிறகு தாசையன் கடையில் கூடுவோம். போன வருஷம் என்ன சொன்னோம், என்ன செய்தோம், வரும் வருஷம் எது என்று நான் எழுந்து நின்று சொல்வேன். ஆட்சேபணைக்கு நீ ஒருத்தன் போதும்.

ஸ்ரீபெரும்புதூர் அறிக்கையில், வளைவில் ஒரு கார் என் காலடியில் வந்து நின்றது என்றேன். "கம்பி வேலிக்கு அந்தப் பக்கம், ஒரு தென்னந்தோப்பு தூரத்துல" என்றாய். காப்பித் தோட்ட ரேலியில் சேற்றில் மாட்டிய காரை நான் தனியாகத் தள்ளிவிட்டேன் என்றேன். "தள்ளினது இருவது பேரு. இவன் சட்டையில சேறு பட்டது உண்மை" என்றாய். டெல்லியில் உலகப் பெயர் பெற்ற ஓட்டுநர் ஒருவர் என்னைப் பார்த்துக் கையசைத்தார் என்றேன். அதற்கு நீ சொன்னதைக் கேட்டுத் தாசையன் டீ ஆற்றுவதையே விட்டுவிட்டான். "கையசைக்கல மக்கா. ஹெல்மெட் கண்ணாடியத் தொடச்சாரு." கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்கென்ன, டெல்லிவரை போய் வந்தவன் நான். மூன்று நாள் ரயிலில் மட்டி வாழைப்பழமும் அவித்த கிழங்கும் தின்று போனவனை, துடைத்தாலும் அசைத்தாலும் அவர் பார்த்தாரா இல்லையா?

கோயம்புத்தூர்தான் நம்மைத் தோற்கடித்தது.

மீன்பிடித் தடைக்காலத்தில் உன் லாரிக்கு ஓட்டமில்லை என்பதால் அதைப் பார்த்துத்தான் கிளம்பினோம். ஞாயிற்றுக்கிழமை பந்தயம். முந்தின நாளே போய் லாட்ஜில் தங்கினோம். காலையில் நான் குளித்துத் தயாராகிறேன், நீ பூசைக்குக் கிளம்புகிறாய். "சீக்கிரம் முடிஞ்சிரும், பதறாத" என்றாய். தெரு முனையில் ஒரு மாதா கோவிலிலிருந்து மலையாளப் பாட்டு கேட்டது. தமிழ்ப் பூசை எங்கே என்று விசாரித்துப் போயிருந்தால் ஒரு குறையும் வந்திருக்காது. வெளியூர்க்காரனாக இருந்தால் விசாரித்திருப்பான். நாம் குமரி மாவட்டக்காரர்கள் அல்லவா? "மலையாளம் நமக்கென்ன புதுசா?" என்று நீ நேரே உள்ளே போய்விட்டாய்.

அன்றைக்கு அங்கே குழந்தைகளுக்கு முதல் நற்கருணைச் சடங்கு. வெள்ளை உடுப்பில் வரிசை வரிசையாகப் பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளைக்கும் பாட்டு, மெழுகுதிரி, ஆசீர்வாதம். கேரளத்துப் பூசை நீளம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அவ்வளவு நீளம் என்று நினைக்கவில்லை. நான் வாசலில் நின்று கையைக் காட்டுகிறேன், கடிகாரத்தைக் காட்டுகிறேன். நீ திரும்பவே இல்லை. பாதிப் பூசையில் எழுந்து போவது உனக்குத் தெரியாத வித்தை. ஆட்டோ பிடித்து நாம் டிராக்கை அடைந்தபோது கார்கள் சுற்றிக்கொண்டிருந்தன. கடைசிக் கொடிவரை பார்த்தோம். ஆரம்பம் போய்விட்டது.

அந்த வருஷ அறிக்கையில் அந்த ஆரம்பத்தை நான் எப்படிச் சொன்னேன் தெரியுமா? சிவப்பு விளக்கு ஒவ்வொன்றாக எரிந்தது, அணைந்தது, கார்கள் கட்டவிழ்த்த காளைகள் மாதிரிப் பாய்ந்தன, முன்னால் நின்ற நீலக் கார் ஒரு கணம் திணறியது. கடையில் ஒருத்தரும் மூச்சு விடவில்லை. நீ ஒரே ஒரு விரலைத் தூக்கினாய்.

"அந்நேரம் நாங்க பூசையில."

அதற்குப் பிறகு ஒரு மாதம், என்னை எங்கே கண்டாலும் எவனாவது ஒருத்தன், "அண்ணாச்சி, நீலக் காரு சொகமா இருக்கா?" என்று கேட்டான். கணக்கில் கோயம்புத்தூர் பாதி என்று நீ முடித்துவிட்டாய். அடுத்த தடைக்காலத்தில் முழுசாகப் பார்ப்போம் என்றோம். அடுத்த தடைக்காலத்தில் உன் மகள் கல்யாணம் வந்தது. அதற்கடுத்ததில் எனக்குக் குடலிறக்க ஆபரேஷன். அதற்கும் அடுத்தது வரும்முன் உன் நெஞ்சு நின்றுவிட்டது. காலையில் டீ குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை என்று உன் பெண்டாட்டி செலின் போனில் சொன்னாள்.

உன் ஆண்டு நினைவுப் பூசைக்கு நானும் தங்கமும் வந்திருந்தோம். சாப்பாடு முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு செலின் என்னிடம் வந்தாள்.

"அண்ணே, கோயம்புத்தூரு பாக்கி கெடக்கே. போறியளா?"

"ரெண்டு பேரும் சேந்து பாக்கணும்னு உன் மாப்பிள விதி போட்டுட்டுப் போயிட்டானே செலினு."

"விதிய அவரு போட்டாரு. டிக்கட்டு நீங்க போடுங்க. நானும் வாறேன். அப்பிடி என்னத்ததான் பாத்தாருன்னு நானும் ஒருநாள் பாக்கண்டாமா?"

தங்கமும் கிளம்பினாள். "வருஷம் முழுக்க இவரு வாயில ஓடுற காரு, நெசத்துல ஓடுதான்னு தெரிஞ்சுக்கணும்" என்றாள். ஆக, நான் இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு கார் பந்தயத்துக்குப் போன முதல் புதுக்கடைக்காரன். இதற்கு யாரும் ஆட்சேபணை சொல்ல முடியாது.

ரயிலில் நான் பூசை விஷயத்தைத் தயங்கித் தயங்கி எடுத்தேன். செலின் சிரித்தாள். "அதுக்கென்ன? சனிக்கிழம சாயங்காலப் பூச கண்டா ஞாயிறுக்கும் போதும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இத அவனுக்குச் சொல்லியிருக்கப்பிடாதா?"

"சொல்லாம இருப்பனா? சனிக்கிழமப் பூச சோம்பேறிகளுக்குன்னுட்டாரு."

சனிக்கிழமை மாலை அவள் தமிழ்ப் பூசை எங்கே என்று நாலு பேரிடம் விசாரித்துப் போய் வந்தாள். ஞாயிறன்று, கேலரியின் கதவு திறக்கும்முன்பே நாங்கள் வாசலில் நின்றோம். வெயிலில் காய்ந்தோம். தங்கம் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு கிழங்குப் பொட்டலத்தைப் பிரித்தாள். நான் கிளம்பும் கோட்டுக்கு நேர் எதிரே இடம் பிடித்து, யார் தள்ளியும் நகரவில்லை. முன்சீட்டுக்காரர் குடை விரித்தார், மடக்க வைத்தேன். இந்தத் தடவை ஆரம்பத்தை விடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விளக்கு எரிந்தது. அணைந்தது. பாய்ந்தன.

மக்கா, அதைப் பற்றி உன்னிடம் நிறையச் சொல்ல வேண்டும் என்று வரும்போதெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். சொல்ல ஒன்றுமில்லை. ஒரு மூச்சு நேரம்தான். பத்துப் பதினைந்து கார்கள் ஒன்றாகக் கத்திக்கொண்டு போயின, புழுதி வந்தது, டயர் மணம் வந்தது. செலின் கம்பியைப் பிடித்தபடி எழுந்து நின்றவள் கடைசிக் கொடிவரை உட்காரவில்லை. எல்லோரும் இறங்கிப் போன பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"இதுக்காண்டியா இந்த மனுசன் வருஷம் முழுக்க லாரியில தவங்கிடந்தாரு?" கொஞ்ச நேரம் டிராக்கைப் பார்த்தாள். "கொள்ளாம். கொள்ளாம் அண்ணே."

இந்த வருஷப் பிறப்பன்று தாசையன் கடை நிறைந்திருந்தது. நான் எழுந்து நின்று சொன்னேன். காளைகளைச் சொன்னேன். என் பெயரை ஒலிபெருக்கியில் அழைத்தார்கள் என்றும் சேர்த்துக்கொண்டேன். யாரும் விரலைத் தூக்கவில்லை. நீ உட்காருகிற பெஞ்சு முனையில் யாரோ ஒரு பையனின் பை இருந்தது. முடித்ததும் தாசையனே எழுந்தான்.

"ஏலே, கோயம்புத்தூரு முடிவ அன்னைக்கு ரெண்டு பேருமாப் பாத்தாச்சு. ஆரம்பத்த இப்பம் நீ பாத்தாச்சு. பாதியும் பாதியும் சேந்தா ஒண்ணு. நாலும் தீந்துன்னு சொல்லு. எல்லாருக்கும் என் செலவுல டீ!"

கை தட்டினார்கள். நாலுக்கு நாலு. வாழ்க்கையில் நான் எதிலும் முழு மார்க் வாங்கியதில்லை. வாய்வரை வந்தது மக்கா.

"இல்ல. மூணரை" என்றேன்.

"லேய், நீயா கொறச்சுச் சொல்லுத? காய்ச்சலா?" என்று தாசையன் என் நெற்றியைத் தொட்டான்.

"ரெண்டு பேரும் சேந்து பாக்கணும். ஆரம்பத்துக்கு அவன் இல்ல. மூணரைதான்."

தாசையன் டீயை எல்லோருக்கும் கொடுத்தான், எனக்கு மட்டும் அரைக் கிளாஸ் ஊற்றினான். குடித்தேன். பிறகு புதுக் கணக்கு ஒன்றை அறிவித்தேன். நான், தங்கம், செலின். ஒன்றிலிருந்து ஆரம்பம். கோயம்புத்தூர் முழுசாக எழுதியாகிவிட்டது. அடுத்தது காப்பித் தோட்ட ரேலி, அதற்கடுத்தது ஸ்ரீபெரும்புதூர். மூட்டு ஒத்துழைத்தால் டெல்லி. ஒத்துழைக்காவிட்டாலும் டெல்லி. செலின் வந்தால் ஆட்சேபணைக்கு ஆள் ஆயிற்று. ஒலிபெருக்கி விஷயத்தை இப்போதே தாசையனிடம் போட்டுக்கொடுத்துவிட்டாள்.

என்னைத் தெரியும் உனக்கு. காரைக் கப்பலாக்குவேன், கப்பலை விமானமாக்குவேன், அதில் இனியும் மாற்றமில்லை. ஆனால் உன்னோடு சேர்ந்து பார்த்தது எத்தனை என்று நாளைக்கு என் பேரப்பிள்ளை கேட்டாலும் மூன்றரை என்றுதான் சொல்வேன். ஏன் அரை என்று அவன் கேட்பான். அப்போது உன்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பிப்பேன்.