பாப்பா போன பிறகு ஒரு சண்டை மீன்

5 ஜூலை, சனி

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் பால் போத்தல்களைக் கொதிக்கப் போட்டேன். ஆறு போத்தல், ஆறு மூடி, ரப்பர்கள் தனியாக. தண்ணீர் தளதளவென்று கொதித்து ரப்பர் வாசம் எழுந்த பிறகுதான் நினைவு வந்தது. பாப்பா இல்லை. போன ஞாயிறே கிள்ளானுக்குப் போய்விட்டாள்.

முரளி பல் துலக்கிக்கொண்டே வந்து பார்த்தார். அடுப்பை அணைத்தார். நல்ல மனிதர் என் கணவர். சில நேரம் அதுவே தாங்க முடிவதில்லை.

வெயில். ஜன்னலுக்குக் கீழே பூக்கடைக்காரர் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். துணி காயப் போட்டேன். எல்லாம் பெரியவர்கள் துணி. கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிட்டது.

ஆப்பீஸில், லிஃப்டில், கோயிலில் எல்லோரும் கேட்கிறார்கள், "பாப்பா எங்கே?" பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. இங்கே ஒரு தடவை முழுதாக எழுதிவிடுகிறேன்.

பாப்பா என் தங்கை செல்வியின் மகள். அவளுக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. அதனால் இவளைப் பிறந்த உடனே எனக்கு விற்றுவிட்டார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் அது. பெற்றவளுக்குப் பிள்ளை தங்காவிட்டால், அடுத்த பிள்ளையை இன்னொருத்தி கையில் கொடுத்து, ஒரு முறம் தவிட்டுக்குத் திரும்ப வாங்கிக்கொள்வது. வந்து பார்க்கும் விதி, இது வேறு யாருடைய பிள்ளையோ என்று போய்விடும். மொத்தமே அரை மணி நேரச் சடங்கு.

ஆனால் பிரசவத்தில் செல்விக்குக் காய்ச்சல், பிறகு ஆபரேஷன், பிறகு மறுபடியும் ஆஸ்பத்திரி. நல்ல நாள் தள்ளிக்கொண்டே போனது. அரை மணி நேரம் நாலு மாதமானது. நான் லீவு போட்டேன், பிறகு சம்பளமில்லாத லீவு.

யாரும் என்னை ஏமாற்றவில்லை. முதல் நாளே தெரியும். தெரிந்துகொண்டேதான்.

போன ஞாயிறு செல்வியின் மாமியார் தவிட்டோடு வந்து, "புள்ளைக்கு என்னா விலைம்மா?" என்று கேட்டார். நான் "ஒரு முறம் தவிடு" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் என் வசனம். வாய் வரவில்லை. முரளி சொன்னார்.

அந்தத் தவிடு இன்னும் சமையலறையில். மாட்டுக்குப் போட வேண்டுமாம். பதினோராவது மாடியில் மாட்டுக்கு எங்கே போக?

மதியம் சாப்பிடும்போது முரளி: "உமா, மீன் வளப்போமா?"

"எதுக்கு?"

"சும்மாதான். நாய் பூனை கூடாதுன்னு லிஃப்டுல ஒட்டியிருக்கான். மீனுக்கு ஒன்னும் போடல."

ரசத்தை ஊற்றிக்கொண்டேன். அதை அவர் சரி என்று எடுத்துக்கொண்டார்.


6 ஜூலை, ஞாயிறு

சாலாக் செலாத்தானில் ஒரு மீன் கடை. சுவர் முழுக்கப் பிளாஸ்டிக் குவளைகள், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு சண்டை மீன். இரண்டு ஆணை ஒன்றாக விட்டால் கடித்துக்கொள்ளும். அடுத்த குவளை மீன் கண்ணில் படாமலிருக்க நடுவில் அட்டைத் துண்டு.

கடைக்காரர் நம்மவர். வாய்க்கு ஓய்வே இல்லை.

"அக்கா, இது பாருங்க, வாலு அப்படியே நிலா மாதிரி. வீட்டுக்கு யோகம் லா."

"அந்த மீன் ஏன் சாஞ்சு கெடக்கு?"

"அது தூங்குது க்கா. காலையிலேருந்து ஆளு ஜாஸ்தி, டயர்ட் ஆயிடுச்சு."

முரளி என் காதருகே: "அது டயர்ட் இல்ல, போய்ச் சேரப் போவுது." அவர் கேரி தீவில் வளர்ந்தவர். பள்ளி விட்டதும் எஸ்டேட் கால்வாயில் இந்த மீன் பிடித்துச் சண்டைக்கு விட்டவர். இப்போது பேசும்போது மட்டும் ஜீவகாருண்யம்.

எனக்குக் கீழ் வரிசையில் ஒன்றின் மேல் கண். வெளிறிய சாம்பல் நிறம். துடுப்புகளெல்லாம் உடம்போடு ஒட்டி, குவளையின் அடியில் அசையாமல் கிடந்தது. விரலை வைத்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதையே கேட்டேன்.

"வேணாம் உமா."

"பாவமா இருக்கு."

"பாவம் பாத்து வாங்கிட்டுப் போயி, ஒரு வாரத்துல அதையும் பறிகொடுத்துட்டு நிப்ப. இப்ப அது வேணாம்மா."

"அதையும்" என்றார். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் கேட்காத மாதிரி மருந்து அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று மீன் வாங்கவில்லை. முதலில் வீடு, பிறகு மீன் என்றார். நான் உருண்டைக் கண்ணாடிச் சாடி ஒன்றைக் காட்டினேன். பார்க்க அழகு. கடைக்காரரும் "இதுவே போதும் லா, சேத்துல வாழற மீனு" என்று தூக்கிக் கொடுத்தார். முரளி விடவில்லை. சாடி சின்னது, தண்ணீர் சீக்கிரம் கெடும், மூடியில்லை, இது குதிக்கிற ஜாதி. கடைசியில் வாங்கியது: மூடியுள்ள நீளத் தொட்டி, பஞ்சு ஃபில்டர் (வேகமாக ஓடினால் இந்த மீன் தண்ணீரோடு மல்லுக்கட்டிக் களைத்துப் போகுமாம்), குளோரின் போக ஒரு மருந்து, காய்ந்த கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலை ஒரு கட்டு.

திரும்பும் வழியில் காரின் பின்சீட்டில் தொட்டி. அதற்கு சீட் பெல்ட் போட்டிருந்தேன். கை தானாகச் செய்த வேலை.


8 ஜூலை, செவ்வாய்

மழை வருவதுபோல் இருட்டி, வராமல் போனது. புழுக்கம்.

தொட்டியில் தண்ணீர் மட்டும். இலை ஊறி நீர் மெல்லிய தேநீர் நிறம். மீனுக்கு அது நல்லது, புண் ஆறும் என்கிறார்கள். தண்ணீரை விளிம்பு வரை நிரப்பக் கூடாது. மேலே வந்து மூச்சு விட இடம் வேண்டும். ஒன்றுமில்லாத தண்ணீரின் முன் உட்கார்ந்து டீ குடித்தேன்.

ஆப்பீஸில் புதிதாக வந்த பெண்: "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க, அக்கா?" முன்பெல்லாம் இல்லை என்று சட்டென்று பதில் வரும். இன்று யோசித்தேன். அவள் சங்கடப்பட்டுப் போய்விட்டாள்.

சாயங்காலம் செல்வியின் குரல் பதிவு. பின்னால் பாப்பா அழுகிறாள்.

"அக்கா, பால் குடிக்கவே மாட்டேங்கறா. நீ எப்படித்தான் குடுத்த? எந்தப் பக்கம் வச்சுக்குவ? சொல்லு க்கா, ப்ளீஸ்."

எழுதி அனுப்பினேன்:

இடது தோள். வலது பக்கம் பிடிக்காது.
பால் கொஞ்சம் சூடாக இருக்கலாம், ஆறினால் துப்புவாள்.
பாதியில் நிறுத்தி ஏப்பம். அவசரப்படுத்தாதே.
மின்விசிறி மூன்றில். அந்தச் சத்தம் வேண்டும்.
பாட வேண்டாம். சும்மா பேசிக்கொண்டிரு, கடைக்கணக்கு பேசினாலும் போதும்.

ஒன்றை எழுதவில்லை. வீட்டில் நான் போடும் பழைய பச்சை கப்தான் அங்கியின் நுனியைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். அதைத் துவைக்காமல் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறேன். சொன்னால் கொடுக்க வேண்டிவரும்.


10 ஜூலை, வியாழன்

வேலை முடிந்து நான் மட்டும் கடைக்குப் போய் வாங்கி வந்தேன். அவசரப்படவில்லை. ஒவ்வொரு குவளையாகப் பார்த்தேன். கண்ணில் புகை படிந்தது வேண்டாம். உடம்பில் உப்புத் தூவிய மாதிரி வெள்ளைப் புள்ளி வேண்டாம். வயிறு ஊதியது, துடுப்பு கிழிந்தது, ஒரு பக்கமாகச் சாய்ந்து நீந்துவது வேண்டாம். நிலா வால்காரன் அழகுதான், ஆனால் அந்த வாலை இழுத்துக்கொண்டு மேலே வரவே திணறுகிறான். மூன்றாவது வரிசையில் குட்டை வால், கருநீலம், அடியில் துரு நிறம். விரலை இடது பக்கம் கொண்டுபோனால் இடது, வலது என்றால் வலது. கைப்பேசியில் அவனையே காட்டினேன். செவுளை விரித்துக்கொண்டு சண்டைக்கு வந்தான். இவன்தான்.

கடைக்காரர்: "அக்கா தேறிட்டீங்க. போன வாரம் அழுவற மாதிரி இருந்தீங்க."

கீழ் வரிசையைப் பார்த்தேன். சாம்பல் மீனின் இடத்தில் வேறு மீன். கேட்கவில்லை.

வீட்டில் பையோடு தொட்டியில் மிதக்கவிட்டேன். பிறகு தொட்டித் தண்ணீர் கொஞ்சம், மறுபடி கொஞ்சம். புதுத் தண்ணீரில் சட்டென்று கொட்டினால் அதிர்ந்துபோகும். பாப்பாவைக் கொண்டுபோனபோது இப்படி எதுவும் யாருக்கும் தோன்றவில்லை. முறத்தை வைத்தார்கள், தூக்கினார்கள், கார் கதவு.

தொட்டியை முதலில் பாப்பா தூங்கிய அறையில்தான் வைத்தேன், ஸ்பிரிங் தொட்டில் தொங்கிய இடத்துக்குக் கீழே. மாலை வெயில் நேராக விழுந்தது. தண்ணீர் சுடும், பாசி பிடிக்கும். ஹாலுக்கு மாற்றினோம், டிவியிலிருந்து தள்ளி. முரளி ஏணி போட்டு ஸ்பிரிங்கைக் கழற்றப் போனார். வேண்டாம் என்றேன். இறங்கிவிட்டார்.

மேல்வீட்டு ஜானகி அக்கா வந்து பார்த்தார். "நல்லது லா. வீட்டுக்கு வர்ற கெட்டது எல்லாத்தையும் மீனு வாங்கிக்கும். செத்துச்சுன்னா கவலப்படாத, உனக்கு வந்தது அதோட போச்சுன்னு நெனச்சுக்க."

இவன் என்னுடையது எதையும் வாங்கிக்கொள்ள வேண்டாம். சும்மா இருந்தால் போதும்.

தீனி போட்டேன். தொடவில்லை. முதல் நாள் அப்படித்தான் இருக்குமாம்.


12 ஜூலை, சனி

சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து ரயிலேறிக் கிள்ளான் போனேன். செல்வி அழுது அழைத்ததால். பையில் பச்சை கப்தான். நேற்றே எடுத்து வைத்துவிட்டேன், மனம் மாறுவதற்குள்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே செல்வியின் மாமியார்: "வந்துட்டாய்யா முதலாளியம்மா! தவிடு பத்தலன்னு கேக்க வந்தியா?" விளையாட்டாகத்தான். நானும் சிரித்தேன்.

"நல்லா இருக்கீங்களா அத்தை?" என்றேன். உள்ளே பாப்பாவின் அழுகை நின்றது. என் குரலுக்கு.

செல்வியின் கையில் இருந்தாள். இருவருமே மெலிந்திருக்கிறார்கள். பாப்பா கழுத்தைத் திருப்பி என்னைத் தேடினாள். பார்த்ததும் உடம்பு முழுக்கத் துள்ளல். செல்வி அவளை என்னிடம் நீட்டினாள். இடது தோள். அரை நிமிடத்தில் பெருமூச்சு விட்டாள், பெரிய மனுஷி மாதிரி. போத்தல் முழுவதும் குடித்து முடித்தாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது, இங்கே யார் படிக்கப்போகிறார்கள். அவ்வளவு சந்தோஷம்.

சமையலறையில் செல்வி வெங்காயம் நறுக்காமலே அழுதுகொண்டிருந்தாள்.

"என்னைப் பாத்தா, யாரோ ஆன்டியப் பாக்கற மாதிரி பாக்கறா க்கா."

"போவப் போவ சரியாயிடும்."

"எப்ப? நீ வந்தா சிரிக்கறா. நீ போனதும் கதவையே பாக்கறா. நான் தூக்குனா வெறைச்சுக்கறா. ரெண்ட மண்ணுல வச்சுட்டு இவளயாவது பாக்கலாம்னு ஆஸ்பத்திரியில கெடந்தேன். இவளுக்கு நான் யாருக்கா?"

கட்டிப்பிடித்துக்கொண்டேன். தோளெலும்பு குத்தியது.

செல்வியின் கணவர் குமார், சாப்பிடும்போது: "அக்கா, வாராவாரம் வந்துடுங்க லா. நீங்க வந்தாதான் வீட்டுல எல்லாரும் தூங்கறோம்."

கப்தானைச் செல்வியிடம் கொடுத்தேன். "நீயே போட்டுக்க. உன் வாசம் ஏறட்டும்." முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். புரிந்திருக்கும்.

கிளம்பும்போது பாப்பா முழித்துக்கொண்டாள். அழுகை சந்து முனை வரை கேட்டது. ரயிலில் என் சட்டைத் தோளில் பால் கறை. காய்ந்த பிறகும் கையை எடுக்கவில்லை.


13 ஜூலை, ஞாயிறு

காலையிலிருந்து நல்ல மழை. லிஃப்ட் பழுது. முரளி பதினோரு மாடி ஏறி தோசை மாவு வாங்கி வந்தார், வழியெல்லாம் நிர்வாகத்தைத் திட்டிக்கொண்டு.

மீன் சாப்பிட்டான். மூன்று உருண்டைத் தீனி, ஒவ்வொன்றாக. முரளி, "ஏய், வந்து பாரேன், வந்து பாரேன்!" என்று கத்தினார். அவர் சிரித்துப் பார்த்து நாளாயிற்று. நானும் போய்ப் பார்த்தேன்.

செல்வியின் செய்தி: "ராத்திரி ரெண்டு தடவ எழுந்தா க்கா. கப்தான் போட்டுக்கிட்டு தூக்குனேன். கொஞ்ச நேரம் ஏமாந்தா. அப்புறம் மொகத்தப் பாத்துட்டு அழுதா. சனிக்கிழம வருவேல்ல?"

முரளியும் அதையே கேட்டார். "சனிக்கிழமை நானும் வரேன். கார்லயே போயிடுவோம். என்ன?"

"ம்" என்றேன்.

போகப்போவதில்லை. இந்தச் சனி மட்டுமில்லை. பாப்பா கதவைப் பார்ப்பதை விடும்வரை. என்னைக் கண்டால் யாரோ என்று உதடு பிதுங்கி, செல்வியின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும்வரை. அவள் வயதில் முகம் சீக்கிரம் மறந்துவிடும் என்கிறார்கள். வீடியோ அழைப்பும் எடுக்கக் கூடாது; என் குரலே போதும் அவளுக்கு, மறுபடி தேட.

செல்வியிடம் ஆப்பீஸில் வேலை என்று சொல்லலாம். முரளியிடம் என்ன சொல்வதென்று இன்னும் தெரியவில்லை.