ஆலாத்திட்டியில் பறவைகள் தினம்

அன்பு மகள் துஷாந்தினிக்கு,

சன்னதி முருகன் புண்ணியத்தில் இங்கே நாங்கள் சுகம், நீயும் மருமகனும் அந்த நோர்வேக் குளிரில் தடிமன் இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே என் மன்றாட்டம். அப்பா பிரஷர் குளிசையை ஒழுங்காகப் போடுகிறார், உப்பைத்தான் விடுகிறாரில்லை. நம் கரைக்கு எதிரே கடலில் கிடக்கிற சின்ன மணல்தீவு ஆலாத்திட்டியை நீ மறந்திருக்க மாட்டாய், இப்போது அங்கே ஆலாக்கள் வெறும் மணலில் முட்டையிட்டு அடைகாக்கின்றன. அந்தப் பறவைகளின் அமைதியைக் காப்பாற்றவென்று, கடற்றொழிலாளர் சங்கத் தலைவரான உன் அப்பாவும் வனசீவராசிகள் அதிகாரி தியாகலிங்கமும் கூடி, ஒலிபெருக்கி, மேளம், கதிரை எல்லாம் கொண்டுபோய் அங்கேயே பறவைகள் தினம் கொண்டாட முடிவெடுத்தார்கள். "முட்டை கிடக்கிற நேரம் ஏனப்பா?" என்று கேட்டேன். "பறவை இல்லாத நேரமோ பறவைகள் தினம் வைக்கிறது?" என்றார்.

சாப்பாடு என் பொறுப்பு, ஆகவே நானும் போனேன். முதல் மேளச் சத்தத்திலேயே ஆலாக்கள் எல்லாம் கத்திக்கொண்டு எழும்பிவிட்டன. 'பறவைகளைக் குழப்பாதீர்' என்ற பலகையை அதிகாரி திறந்துவைத்து, "பாருங்கோ, எங்களை எப்பிடி வரவேற்கினம்!" என்று பூரித்தார், தலையில் விழுந்ததையும் ஆசீர்வாதமாகவே எடுத்துக்கொண்டார். பிறகு அப்பா மைக்கைப் பிடித்தார், பிடித்தால் விடமாட்டார் என்பது உனக்குத் தெரியும். கதிரைக் கால்களில் சில முட்டைகள் உடைந்தே போயின, மற்றவை கொதிக்கிற வெயிலில் கிடந்தன. இன்னும் கொஞ்சம் போனால் உள்ளே குஞ்சு அவிந்துவிடும் என்று அப்பாவுக்குக் கிட்டப் போனேன். "காணும், இறங்குங்கோ" என்றேன். "இன்னும் ஒரு விசயம்" என்றார். கெஞ்சிப் பயனில்லையென்று நான் எழும்பி, "சாப்பாடு வள்ளத்திலை இருக்கு, முதல் வாற ஆக்களுக்குத்தான் கணவாய்ப் பொரியல்!" என்று கத்தினேன். பிள்ளை, சங்கத்தில் அப்படியொரு ஒற்றுமையை நான் ஒருநாளும் கண்டதில்லை. அதிகாரிதான் முதலில் ஏறினார். அப்பா மட்டும் வெறுங்கதிரைகளுக்கு உயிர்நேசத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டு நின்றார், கையைப் பிடித்து இழுத்துவந்தேன்.

வள்ளம் விலகியதும் ஆலாக்கள் ஒவ்வொன்றாக இறங்கித் தங்கள் தங்கள் முட்டைமேல் அமர்ந்ததைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. "என்ரை பேச்சைக் குழப்பிப்போட்டாய்" என்று அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நேற்றுப் பேப்பரில் அவர் படம் வந்திருக்கிறது, 'பறவைகளுக்காகத் தன் உரையையே நிறுத்திய தலைவர்' என்று. செய்தி குடுத்தது ஆரென்று நான் கேட்கவில்லை.

அவர் உனக்குப் போன் எடுத்து இந்தக் கதையை வேறுமாதிரிச் சொன்னால் ஓம் ஓம் என்று கேள், குஞ்சுகள் பொரித்தால் எனக்கு அது போதும். அந்தக் குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. முருகன் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளைத் தரட்டும்.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
ஏ. இரத்தினம்மா