என் நொதி வாயை மூடிக்கொண்டது

மார்ச் 4
இன்றும் படிகம் உடைந்தது. பாக்டீரியாவின் நொதியைச் சீராட்டிப் பாராட்டிப் படிகமாக வளர்க்கிறேன். அதற்குப் பிடித்த சின்ன மூலக்கூறு கலந்த கரைசலை ஒரு சொட்டு விட்டதுமே படீரென்று விரிசல். படிகம் முழுசாக இருந்தால்தான் எக்ஸ்ரே எடுக்கலாம், நொதியின் வடிவம் தெரியும், எனக்குப் பட்டம் கிடைக்கும்.

என் வழிகாட்டி மேடம் எட்டிப் பார்த்தார். "கை நடுங்குதாம்மா?"

மார்ச் 6
நடுங்கவில்லை. ஊசியில் நூல் கோத்துப் பார்த்தேன். "அப்படியே என் சட்டைக்குப் பட்டன் தெச்சுக் குடு" என்றாள் அக்கா. தைத்துத் தொலைத்தேன்.

மார்ச் 11
பக்கத்து மேசைக்காரனை நாங்கள் 'ரேடியோ' என்போம், வாய் ஓயாது. "தள்ளு, நான் விடறேன்" என்று வந்தான். அவன் விட்டும் உடைந்தது. எனக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம்? அவ்வளவு கெட்டவளா நான்?

பிறகு மூலக்கூறு இல்லாத வெறும் கரைசலை விட்டோம். படிகம் ஜம்மென்று இருந்தது!

அப்படியானால் உடைப்பது கை இல்லை. மூலக்கூறு வந்து உட்கார்ந்ததும் நொதி வடிவம் மாறுகிறது. படிகம் என்றால் நொதிகள் அடுக்கி நிற்கும் வரிசைதானே. வரிசையாக நெருக்கியடித்து நிற்பவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கையை மடக்கினால் வரிசை என்ன ஆகும்?

மார்ச் 12
மேடத்திடம் ஓடினேன். பரபரப்பில் வார்த்தை வரவில்லை. "நான் நொதி, நீங்க மூலக்கூறு. கொஞ்சம் உள்ள வாங்க மேடம்" என்று கையை விரித்தேன். பாவம், வந்தார். கட்டிப்பிடித்துவிட்டேன். என் வாட்ச், ஏசி குளிருக்காக அவர் போட்டிருந்த கம்பளிச் சட்டையில் மாட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்துத் துறைத்தலைவர் கதவைத் திறந்தார்.

"அப்புறம் வர்றேன்" என்று மூடிக்கொண்டு போனார்.

ஐயோ. ஐயோ. நாளைக்கு எந்த முகத்தை வெச்சுக்கிட்டு போறது?

மார்ச் 13
போனேன். மேடம் ஒன்றுமே நடக்காதது போல், "மொதல்ல ரெண்டையும் கலந்துடு. நொதி மூடிக்கட்டும். அப்புறம் படிகம் வளரட்டும்" என்றார். இது ஏன் எனக்குத் தோணல?

ஏப்ரல் 20
புதுப் படிகம். குட்டிச் செங்கல் மாதிரி. உடையவில்லை. பக்கத்தில் தும்மக்கூட பயம்.

மே 9
எக்ஸ்ரே முடிவு வந்தது. திரையில் இரண்டு நொதிகள். மூலக்கூறு விடாத பழைய படிகத்தில் இருந்தது ஆவென்று வாய் திறந்திருக்கிறது. மற்றது மூலக்கூறைக் கவ்வி மூடியிருக்கிறது. அழுதேன். அடுத்த நிமிடமே ரேடியோ துறை முழுக்க ஒலிபரப்பிவிட்டான்.

செப்டம்பர் 2
கட்டுரை அச்சாகிவிட்டது. அக்கா தலைப்பை இரண்டு தரம் படித்தாள். "ஒண்ணும் புரியல. ஆனா உன் பேருதான் முதல்ல, பெருசா போட்டிருக்காங்க."

எல்லாப் பெயரும் ஒரே அளவுதான். நான் திருத்தவில்லை.