முள்ளங்கி இலையின் அடியில்

மார்கழி 18, வெள்ளி
கடும்பனி. எட்டு மணி வரை வெயில் இல்லை. முள்ளங்கி இலைகளின் அடியில் வெள்ளைக் கொப்புளங்கள். நேற்று நாலு செடி, இன்று பாத்தி முழுக்க. படம் அனுப்பினேன். உழவர் உதவியகத்து மேடம் போனில்: "வெண்துரு நோய். செடியிலேயே ஒட்டி வாழற கிருமி. சுத்துவட்டத்துல கடுகுக் குடும்பத்துக் களை எதுலயாவது தங்கியிருக்கும். பூவுக்கு நாலு இதழ் இருக்கும். தேடிப் பாருங்க."
வீட்டுக்காரருக்குச் சேதராப்பட்டு கம்பெனியில் ஷிப்ட். தேட நான் மட்டும்தான்.

மார்கழி 19, சனி
பக்கத்துத் தரிசில் மஞ்சள் பூ. நாலு இதழ்! இரண்டு கூடை பிடுங்கிவிட்டேன். நிலத்துக்காரர் கோவிந்தன் வண்டியை நிறுத்தி, "இன்னாம்மா பண்ற என் நெலத்துல?"
"உன் களையாலதான்யா என் கொல்லையே போச்சு!" கத்திவிட்டேன்.
மாலையில் மேடம் நேரில் வந்தார். கூடையைக் கிளறினார். "இது நாய்க்கடுகு. பேர்லதான் கடுகு, குடும்பம் வேற. பிசுபிசுன்னு ஒட்டுது பாருங்க. அடியில ஒரு கொப்புளம்கூட இல்ல."
கையெல்லாம் நாற்றம். வெட்கம்.

மார்கழி 21, திங்கள்
சோப்பு, தீப்பெட்டி வாங்க வேண்டும்.
மோட்டார் கொட்டகைக்குப் பின்னால், என் வரப்பிலேயே, தானாக முளைத்த முள்ளங்கி. போன வருஷம் விதைக்கு விட்ட செடிகள் உதிர்த்த விதையில் வந்தது. வெளிர் ஊதாப் பூ, நாலு இதழ். பூத்தண்டு வீங்கி முறுக்கிக் கிடக்கிறது. இலையைத் திருப்பினேன். வெள்ளை.
மேடத்திடம் கேட்டேன், நோய் விதையோடும் போகுமா? "போகலாம்."
அந்தப் போன வருஷத்துச் செடிகளின் விதையைத்தான் இந்த வருஷம் விதைத்தேன். வில்லியனூர் பரிமளாவுக்கும் அதையே கொடுத்தேன். கம்பெனி வேலையை விட்டுவிட்டு, என்னை நம்பி முதல் தடவையாகப் பயிர் வைத்திருக்கிறாள்.

மார்கழி 22, செவ்வாய்
இவரும் நானும் எல்லாவற்றையும் பிடுங்கித் தீ வைத்தோம். ஈரம். எரியவில்லை, புகைதான். கோவிந்தனிடம் மன்னிப்புக் கேட்டேன். "வுடும்மா" என்றார். முகம் பார்க்கவில்லை.
பரிமளாவுக்கு இன்னும் சொல்லவில்லை. இரண்டு முறை போனை எடுத்தேன், வைத்துவிட்டேன்.

மார்கழி 24, வியாழன்
மீண்டும் பனி. அவளே கூப்பிட்டாள். "அக்கா, எலைக்கு அடியில வெள்ளவெள்ளையா இன்னாமோ இருக்குக்கா. உனக்கும் இருக்கா?"
"இருந்துச்சு. எல்லாத்தையும் புடுங்கிட்டேன்."
"எதனாலக்கா?"
"வெதைடி. நான் குடுத்த வெதைதான்."
திட்டுவாள் என்று காத்திருந்தேன்.
"மீதி வெதைய எங்க தெருவுல நாலு வூட்டுக்குக் குடுத்துட்டனேக்கா" என்றாள்.