மலக்கி பெயர் கொடுத்திருக்கிறான்

அக்டோபர் 9, வியாழன்

என் முடிதிருத்தும் கடையில் திருமதி கான்கனனின் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தேன். கண்ணாடி வழியாக என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள்: "இமெல்டா, உன் வீட்டுக்காரர் கவிதை எழுதறாராமே?"

"முன்னாள் வீட்டுக்காரர்," என்றேன்.

"அதான். நூலகத்துல செவ்வாய்க்கிழமை வகுப்பு நடக்குதில்ல? முன் வரிசையிலயே உக்காந்துக்கறாராம்!"

மலக்கியா? பிறந்தநாள் அட்டையில் 'மலக்கி' என்று மட்டும் எழுதி உறையில் போடுகிற ஆள். குழாய் மாட்டுவான், கொதிகலன் பழுதுபார்ப்பான், சாப்பிடுவான், தூங்குவான். இருபத்து நாலு வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா?

யோசனையில் திருமதி கான்கனனின் காதுவரை சாயம் பூசிவிட்டேன். துடைத்தும் முழுதாகப் போகவில்லை. பாவம், அவள் கவனிக்கவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

மழை. இரண்டு பேர் வரவில்லை என்று போன் செய்துவிட்டார்கள். இன்று வகுப்பு நாள். எதைப் பற்றி எழுதுவான்? குழாயைப் பற்றியா?

அக்டோபர் 18, சனி

ஃபினர்ட்டி பப்பிலிருந்து டைக் கூப்பிட்டான். முதல் வெள்ளிக்கு, மாதாமாதம் பப்பின் பின்னறையில் பாட்டும் கவிதையும் நடக்கிற அந்த ராத்திரிக்கு, யார் யார் பெயர் கொடுத்திருக்கிறார்கள் என்று சொன்னான். ஈமன் பிடில் வாசிக்கிறான். ஹில்டா பாடுகிறாள். பேட்ரிக் வழக்கம்போல டிராக்டர் கவிதை. அப்புறம் கொஞ்சம் இழுத்தான்.

"மலக்கியும் குடுத்திருக்காரு. கவிதை."

"எதைப் பத்தி?"

"நானும் கேட்டேன். 'இமெல்டாவுக்குத் தெரியும்'னாரு."

போனை வைத்த பிறகும் அடுப்படியில் நின்றுகொண்டே இருந்தேன்.

அந்தப் பின்னறை என்னுடையது. பப் டைக்கினுடையதுதான், ஆனால் முதல் வெள்ளி என்னுடையது. அம்பெறியும் பலகையைக் கழற்றி வைப்பதும், நாற்காலி போடுவதும், முன்னறையில் மேட்ச் பார்க்கிறவர்களைச் சத்தம் போடாதே என்று அதட்டுவதும், கை நடுங்கிக்கொண்டு வருகிறவர்களைப் பேர் சொல்லி முன்னே அழைப்பதும் நான்தான். ஒன்பது வருஷம். மலக்கி ஒரு தடவைகூட எட்டிப் பார்த்ததில்லை.

இப்போது வருகிறானாம். எனக்குத் தெரிந்த விஷயத்தோடு.

அக்டோபர் 19, ஞாயிறு

தூக்கமே இல்லை. எழுதிவிடுகிறேன், எழுதினால் சின்னதாகிறதா பார்க்கலாம்.

பதினொரு வருஷத்துக்கு முன்னால், இலையுதிர் காலத்தில், நகரத்து மனநல மருத்துவமனையில் பத்து வாரம் இருந்தேன். கடையில் கத்தரிக்கோலைப் பிடித்தபடி அழ ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. ஊருக்கு, இமெல்டா இங்கிலாந்தில், லீட்ஸில் அத்தையைப் பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறாள் என்று சொல்லிவைத்தோம். என் மகள் ஓர்லாவுக்கும் அதையேதான் சொன்னோம். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. உண்மை தெரிந்தவர்கள் மலக்கியும் என் தங்கை டிம்ப்னாவும் மட்டும்.

அந்தப் பத்து வாரத்தில் மலக்கி ஒரு நாள்கூட என்னைப் பார்க்க வரவில்லை. திரும்பி வந்தேன், தேநீர் போட்டுக் கொடுத்தான், மின்சாரக்காரன் வந்துவிட்டுப் போனதைச் சொன்னான். நானும் கேட்கவில்லை. கேட்காததுதான் வளர்ந்து வளர்ந்து கடைசியில் வீட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் இடமில்லாமல் போயிற்று. நாலு வருஷத்துக்கு முன் அவன் கிளம்பியபோது சண்டைகூட இல்லை.

இப்போது ஊரே உட்கார்ந்திருக்கும் அறையில் அதைப் படிக்கப் போகிறானா? திங்கட்கிழமை என்னிடம் முடிவெட்ட வருகிற தலைகளுக்கு முன்னால்?

டிம்ப்னாவிடம் சொன்னேன். "பேரை அடிச்சிடுக்கா. நீதானே நடத்தற?" என்றாள்.

"யார் பேர் குடுத்தாலும் படிக்கலாம்னு வெச்சிருக்கேனேடி."

"அப்போ வயித்து வலின்னு வீட்லயே படு."

அதுவும் முடியாது. நான் இல்லாத அறையில் அவன் அதைப் படித்தால்? ஐயோ, அது இன்னும் மோசம்.

அக்டோபர் 25, சனி

சூப்பர்மார்க்கெட்டில் ரொட்டி அடுக்குக்குப் பக்கத்தில் நேருக்கு நேர். இளைத்திருக்கிறான். சட்டையைத் தானே இஸ்திரி போட்டிருக்கிறான், காலரில் மட்டும்.

"இமெல்டா, அந்த வெள்ளிக்கிழமை..."

"வெள்ளிக்கிழமை யார் வேணா படிக்கலாம்," என்று சொல்லிவிட்டுக் கூடையை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ரொட்டியே எடுக்கவில்லை.

ஏன் நின்று கேட்கவில்லை? கேட்டிருந்தால் சொல்லியிருப்பானே. முட்டாள். நான்தான், அவன் இல்லை. சரி, அவனும்தான்.

நவம்பர் 6, வியாழன்

நாளை.

நவம்பர் 8, சனி

காலை. இரண்டாவது கோப்பைத் தேநீர். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

அறை நிரம்பியிருந்தது. ஈர மேலங்கிகளின் வாடை. மலக்கி கதவோரம் சுவரில் சாய்ந்து நின்றான், உட்காரவில்லை. ஈமன் இரண்டு துள்ளல் மெட்டு வாசித்தான், தரை அதிர்ந்தது. பேட்ரிக்கின் டிராக்டர் இந்தத் தடவையும் சேற்றில் மாட்டிக்கொண்டது. ஹில்டா பாடி முடித்ததும் என் முறை: அவன் பெயரை நான் சொல்ல வேண்டும்.

"அடுத்து, மலக்கி," என்றேன்.

முன்னே வந்தான். தாளைப் பிரிக்கவே தடுமாறினான். குழாயை ஒரே திருகில் கழற்றுகிற கை. யாரையும் பார்க்காமல் படித்தான். என் நினைவில் இருப்பது இவ்வளவுதான்:

*ஞாயிற்றுக்கிழமை. வண்டியை நிறுத்துகிறேன்.*
*உள்ளே போகிறவர்கள் பூ வைத்திருக்கிறார்கள்.*
*என்னிடம் முட்டை சாண்ட்விச் இருக்கிறது.*
*எத்தனையோ சன்னல்கள். எது என்று தெரியவில்லை.*
*எல்லாவற்றுக்கும் பொதுவாகக் கை அசைக்கிறேன்.*
*மூன்றாவது மாடியில் ஒரு கிழவர்*
*திரும்பக் கை அசைக்கிறார்.*

சாண்ட்விச்சுக்குச் சிரித்தார்கள். கிழவருக்கு இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள். அப்புறம் அவன் அடுத்த ஞாயிறு, அதற்கடுத்த ஞாயிறு என்று போய்க்கொண்டே இருந்தான். பூ வாங்கிய ஞாயிறு. அந்தப் பூ முன்னிருக்கையிலேயே வாடிய ஞாயிறு. கதவுவரை போய், 'இழுக்கவும்' என்று எழுதியிருந்த கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டுத் திரும்பிய ஞாயிறு. சிரிப்பு மெதுவாக நின்றது. என் பெயர் இல்லை. மருத்துவமனை என்ற சொல்லே இல்லை.

திருமதி கான்கனன் என் காதருகில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவங்கம்மாவைத்தான் சொல்றாரு பாவம். முதியோர் இல்லத்துல இருந்தாங்கள்ல."

"ஆமாம்," என்றேன். "அவங்கம்மாதான்."

சிரிக்க வேண்டும்போல இருந்தது. அடுத்தது யார் என்று அடியோடு மறந்துவிட்டது. ஈமன் என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தானோ, கேட்காமலே பிடிலை எடுத்து மெதுவான ஒன்றை ஆரம்பித்தான். எல்லாரும் அவனைப் பார்க்க, நான் பின்கதவு வழியாக வெளியே போனேன்.

மலக்கி பீர் பீப்பாய்களுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான்.

"உனக்குப் பிடிக்கலன்னா படிக்க வேணாம்னு இருந்தேன்," என்றான். "சூப்பர்மார்க்கெட்டுல அதத்தான் கேக்க வந்தேன். நீ ஓடிட்ட."

"எல்லா ஞாயிறும் வந்தியா?"

"எல்லா ஞாயிறும்."

"ஏன் உள்ள வரல?"

பீப்பாயின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவினான். உள்ளே பிடில் மட்டும் கேட்டது. "நீ என்னைப் பாத்துட்டு முகத்தைத் திருப்பிட்டா என்ன பண்றதுன்னு தெரியல. வெளிய நின்னா அது நடக்காதில்ல."

"மடையா! பதினொரு வருஷம் நீ வரவே இல்லன்னு நெனச்சிட்டிருக்கேன்."

"தெரியும்."

"வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமில்ல?"

"இப்பத்தானே கத்துக்கறேன்," என்றான். "செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை."

அடிக்கலாமா என்று இருந்தது. சிரித்துவிட்டேன். அப்புறம் அழுதேன், ஆனால் இந்த அழுகை தானாக நின்றது.

நன்றாகத் தூங்கியிருக்கிறேன். பூனை வந்து முகத்தை மிதித்துத்தான் எழுப்பியது.

நவம்பர் 9, ஞாயிறு

ஓர்லா இப்போது இருக்கிற வான்கூவருக்குப் போன் போட்டேன். அவளிடம் லீட்ஸ் கதையை உடைத்துச் சொல்லிவிட வேண்டும் என்று காலையிலிருந்து ஒத்திகை பார்த்தேன். முதல் வாக்கியத்திலேயே நிறுத்திவிட்டாள்.

"அம்மா, தெரியும்மா."

"என்னடி தெரியும்?"

"லீட்ஸ்ல அத்தையே கெடையாதுன்னு தெரியும். நம்ம குடும்பத்துல யாரு இங்கிலாந்துல இருக்கா? நீயா சொல்லட்டும்னு இருந்தேன்."

பிறகு, "இப்ப நல்லா இருக்கியா?" என்று கேட்டாள். இருக்கிறேன் என்று சொன்னேன். சொல்லிவிட்டு யோசித்துப் பார்த்தேன். உண்மைதான்.

நவம்பர் 20, வியாழன்

திருமதி கான்கனனுக்கு மறுபடி சாயம். இந்தத் தடவை காதில் படவில்லை. "உன் வீட்டுக்காரர்..." என்று ஆரம்பித்தாள். திருத்த நினைத்தேன். பிறகு விட்டுவிட்டேன், வாய்க்குச் சோம்பலாக இருந்தது.

டிசம்பர் 6, சனி

நேற்று நல்ல கூட்டம். மலக்கி கடற்காகங்களைப் பற்றி ஒன்று படித்தான். நீளம். காகங்கள் வந்தன, போயின, மறுபடி வந்தன. டைக் கொட்டாவி விட்டான்.

நாற்காலிகளை மடக்க அவன் நின்றுகொண்டான். நான் கேட்கவில்லை, அவனாக நின்றான்.

"எப்படி இருந்துச்சு?" என்றான்.

"நல்லாவே இல்ல."

"அவ்வளவு மோசமா?"

"ரொம்ப மோசம், மலக்கி."

தலையை ஆட்டிக்கொண்டான். அடுத்த நாற்காலியை எடுத்தான். "சரி," என்றான், "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்தா, எங்க மோசம்னு சொல்லித் தர்றியா?"

சூப் வைக்கிறேன் என்றேன். கதவைத் தட்ட வேண்டாம், நேராக உள்ளே வந்துவிடு என்றும் சொன்னேன்.